வெள்ளைப் பூ வந்தால்

தென்காசியில் யானைப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஆவுடையப்பனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘இஷ்டம் அண்ணாச்சி’. டீயா காப்பியா என்று கேட்டால் “ஒங்க இஷ்டம்” என்பான். ஸ்ட்ராங்கா லைட்டா என்றாலும் அதே பதில். ஒருநாள் மாஸ்டர் வேண்டுமென்றே தூளும் போடாமல் சீனியும் போடாமல் வெந்நீரில் பாலை ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார். அதையும் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனான். அதோடு கேலி செய்கிறவர்களுக்கே அலுத்துவிட்டது. கிணற்றில் கல்லைப் போட்டால் சத்தமாவது கேட்க வேண்டாமா?

ஆள் நல்ல ஆள். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஒரு வேலையைக் கொடுத்தால் அவனைப்போலச் செய்ய ஊரில் ஆள் கிடையாது. எதிர்வீட்டுக் கோமதியம்மாளின் மோட்டார் ஓடவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரோடு போய் நிற்பான். தெருவில் ஒரு கல்யாணம் என்றால் பந்தல்காரனுக்குக் கயிறு பிடித்துக் கொடுப்பான். எந்த வேலை, எப்போது, யாருக்கு என்பதை மட்டும் அடுத்தவர்கள் சொல்லிவிட வேண்டும். அது அவனிடம் கிடைக்காது.

காசி விசுவநாதர் கோவிலுக்குப் பின்தெருவில் பிறந்து, திருநெல்வேலியில் இஞ்சினியரிங் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, தொற்றுக் காலத்தில் எல்லாரையும்போல ஊருக்கு மூட்டை கட்டியவன். எல்லாரும் திரும்பிப் போனார்கள், இவன் போகவில்லை. மாடி அறையில் மேசை போட்டு, பெங்களூர் கம்பெனிக்கே இங்கிருந்து வேலை செய்கிறான். மனைவி நீலா பாவூர்சத்திரத்துக்காரி. வங்கியில் அதிகாரி. தென்காசிக் கிளைக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு அவளும் வந்துவிட்டாள். ஒரே மகள் தேஜஸ்வினிக்குப் பதினோரு வயது.

அவன் முன்பும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் முன்பு அது குறையாகத் தெரியாது, ஏனென்றால் பேசுவதற்குத் தம்பி இருந்தான். பரமசிவன், வீட்டில் பரமு. குற்றாலத்தில் சீசன் வந்தால் லாட்ஜ் அறை பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, பழைய குற்றாலத்தில் கூட்டம் எப்படி என்று ஊர் அவனைத்தான் கேட்கும். அண்ணன் எந்தச் சட்டை போடுவது, எந்தப் பெண்ணைக் கட்டுவது என்பது வரைக்கும் அவன் சொன்னதுதான். “நீ சும்மா இருண்ணே, ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்பான். நீலாவை முதலில் போய்ப் பார்த்து வந்து, “இந்த மதினிதான், முடிவாயிட்டு” என்றவனும் அவன்தான்.

இரண்டாவது அலையின்போது பரமுவுக்கு மூச்சு வாங்கியது. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, நாற்காலியில் உட்காரவைத்து ஒரு சிலிண்டர் மாட்டியிருந்தார்கள். திருநெல்வேலியில் ஒரு கட்டில் இருப்பதாகத் தகவல் வந்தது. டியூட்டி டாக்டர், பாவம், சின்ன வயசு, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. “கூட்டிட்டுப் போறீங்களா, இங்கயே வச்சுக்கிடுதீங்களா, சீக்கிரம் சொல்லுங்க” என்றார். ஆவுடையப்பன் பழக்கத்தில் தம்பியைத்தான் பார்த்தான். பரமு முகமூடியை விலக்கிக்கொண்டு, “நீ ஒண்ணு சொல்லுண்ணே” என்றான். பிறந்ததிலிருந்து அண்ணனிடம் எதையும் கேட்காதவன் அன்றைக்குக் கேட்டான்.

ஆவுடையப்பன், “போவோம்” என்றான். ஆம்புலன்ஸ் ஆலங்குளம் தாண்டும்போது பரமு போய்விட்டான். அன்று சாயங்காலமே தென்காசி ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியானதாக யாரோ வந்து சொன்னார்கள்.

ஒருத்தரும் அவனைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்பான். அவன் அழவும் இல்லை. காரியங்களை எல்லாம் ஒழுங்காகச் செய்தான். அதே நாட்களில் அவனுக்கும் காய்ச்சல் வந்து நாக்கில் ருசி போனது. எல்லாருக்கும் திரும்பி வந்த ருசி அவனுக்கு எப்போது வந்தது, வந்ததா இல்லையா என்றே அவனுக்குத் தெரியாது. சோறு வைத்தால் சாப்பிட்டான். ‘இஷ்டம்’ என்ற வார்த்தை அப்போதுதான் அவன் வாயில் வந்து உட்கார்ந்தது.

இனி அவன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடுகிற எல்லா புரோகிராம்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று கிடக்கும். யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று பங்கு வைப்பது அதுதான். அவன் கம்பெனி செய்வது சின்னப் பெட்டிகள். லிப்டுக்குள், சுங்கச்சாவடியில், சரக்குக் கிட்டங்கிக் குளிரூட்டியில் என்று எங்கெங்கோ போய் உட்காரும் பெட்டிகள். அவற்றில் மெமரி என்கிற இடம் குறைச்சல். இடம் நிரம்பிவிட்டால் மொத்தப் பெட்டியும் நின்றுபோகும். அப்படி ஆகாமல் இருக்க, ஓடுகிற புரோகிராம்களில் ஒன்றைக் கெர்னல் கொன்றுவிட்டு மற்றதைக் காப்பாற்றும். கொல்வது என்றுதான் அந்தத் தொழிலில் பேச்சு, யாரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை. அந்தக் கொல்கிற பகுதி ஆவுடையப்பன் பொறுப்பு.

எதைக் கொல்வது? பழைய கெர்னலில் அதற்கு ஒரே ஒரு வரி இருந்தது. எது அதிக இடத்தைப் பிடித்திருக்கிறதோ, அதைக் கொல். தம்பி காரியம் முடிந்து மேசைக்குத் திரும்பிய ஆவுடையப்பனுக்கு அந்த வரியைப் பார்க்க முடியவில்லை. யாரோ ஒருவன், யாரென்று தெரியாத ஒருவன், எங்கோ உட்கார்ந்துகொண்டு, யார் போக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறான். இவன் அதைத் தூக்கிவிட்டு, அந்தப் பகுதி முழுவதையும் புதிதாக எழுதத் தொடங்கினான்.

அதற்கு அவன் தொழிலில் ஒரு நல்ல நெறியும் கைகொடுத்தது. மெக்கானிசம் வேறு, பாலிசி வேறு என்பார்கள். ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்பது மெக்கானிசம், அது கெர்னலுக்குள் இருக்கட்டும். எதைச் செய்வது என்பது பாலிசி, அது வெளியே இருக்கட்டும். பரமு இருந்தால் லாட்ஜை வைத்துச் சொல்லியிருப்பான். பூட்டுச் செய்கிறவன் நல்ல பூட்டாகச் செய்தால் போதும். எந்த அறைச் சாவியை எந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது என்பது லாட்ஜ்காரன் பாடு. பூட்டுக்காரன் அதையும் பூட்டுக்குள்ளேயே செதுக்கி வைத்தால் சீசனுக்கு ஒரு பூட்டு மாற்ற வேண்டியதுதான்.

அப்படியே செய்தான் ஆவுடையப்பன். கெர்னல் இனி எதையும் தீர்மானிக்காது. இடம் நிரம்பிவிட்டது என்று வெளியே சொல்லும். யாரைக் கொல்வது என்று வெளியிலிருந்து ஒரு பெயர் வரும். வந்த பெயரைச் சுத்தமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் முடித்துவிடும். லிப்டுக்காரன் அவன் பாலிசியை எழுதிக்கொள்ளட்டும், சுங்கச்சாவடிக்காரன் அவனுடையதை எழுதிக்கொள்ளட்டும். பெங்களூரில் பெரியவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். புத்தகத்தில் போட வேண்டிய வேலை என்றார் ஒருவர். அவர்கள் புகழ்ந்தது அந்த நெறியை. இவனுக்கு அதில் பிடித்தது வேறு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நாம் சொல்லுகிறோம் இல்லையா? அம்பாக இருப்பதில் இவனுக்கு ஒரு வசதி இருந்தது.

அதில் ஒரே ஒருத்திதான் கையை வைத்தாள். பர்சானா, அவனுடைய டீம் லீடர். கடையநல்லூர்ப் பிள்ளை, பெங்களூரில் இருக்கிறாள், வயதில் இளையவள். அவன் எழுதியதைப் படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: ‘யாரும் எந்தப் பெயரும் சொல்லாவிட்டால் பெட்டி என்ன செய்யும்?’

அவன் அதற்குப் பதில் எழுதவில்லை. வாரங்கள் போயின. ஒருநாள் போனில் பிடித்துவிட்டாள்.

“என்ன அண்ணாச்சி, நான் கேட்டதுக்கு ஒரு பதில் போட மாட்டேங்கிய?”

“சொல்றது வெளியே இருக்கவங்க வேலைம்மா. அதுக்குத்தான பிரிச்சு வச்சிருக்கு?”

“அவங்க சொல்லல. மறந்துட்டாங்க, இல்ல சோம்பேறித்தனம். நம்ம ஆளுங்களைப் பத்தித் தெரியாதா? பாதிப் பேரு அந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாங்க. அப்ப?”

“காத்திருக்கும்.”

“எதுக்கு?”

“யாராவது சொல்ற வரைக்கும்.”

“நேத்து டெஸ்ட் போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. காத்துக்கிட்டேதான் இருந்துச்சு. மத்த எல்லாம் ஒண்ணொண்ணா நின்னு போச்சு. ஃபேன் மட்டும் சுத்துது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “பிரிச்சது சரிதான். ஆனா ஒண்ணும் சொல்லாம விடுறதும் நாம சொன்னதாத்தான் ஆகும். அதுலயிருந்து தப்பிக்க முடியாது.”

“யோசிக்கேன்,” என்றான். யோசிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நீலாவுக்குப் பதவி உயர்வு வந்தது. நாக்பூர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே கிடக்கலாம், ஆனால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நீலாவுக்குப் போக ஆசை. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ஆர்டரை வாசித்த அன்று அவள் முகத்தில் கல்யாணமான புதிதில் இருந்த ஒரு வெளிச்சம் வந்ததை அவனே பார்த்தான். அவன் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். தேஜுவுக்கு எங்கும் பள்ளிக்கூடம் கிடைக்கும். கேள்வி ஒன்றுதான். இவன் கூட வருவானா, மாட்டானா?

முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள். “என்ன அத்தான் செய்யலாம்?”

“ஒன் இஷ்டம் நீலா. நீ போறதுன்னா போ. வேண்டாம்னா வேண்டாம்.”

“என்னைய விடுங்க. நீங்க வாரியளா?”

“வரச் சொன்னா வாரேன்.”

“நான் சொல்லல. நீங்களா வாரியளா?”

அவன் தட்டைப் பார்த்தான். அவனுக்குள் தேடிப் பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும், சும்மா சொல்லக்கூடாது. போக வேண்டும் என்றும் ஒன்று இல்லை, இருக்க வேண்டும் என்றும் ஒன்று இல்லை. ஊசி போட்ட ஈறைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. “எதுன்னாலும் எனக்குச் சரிதான்” என்றான். நீலா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அப்புறமும் கேட்டாள். கோபமாக ஒருதடவை, சிரித்துக்கொண்டு ஒருதடவை, குற்றாலத்துச் சாரலில் காரை நிறுத்திவிட்டு ஒருதடவை. மெயினருவிப் பக்கம் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. “அத்தான், ஒண்ணு சொல்லுங்க” என்றாள். ‘நீ ஒண்ணு சொல்லுண்ணே’ என்றுதான் அவன் காதில் விழுந்தது. வைப்பரை ஒருமுறை போட்டு அணைத்தான்.

பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு காலையில் நீலா துணியை மடித்துக்கொண்டே, குரலில் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் சொன்னாள்: “சாமிகிட்டயாவது கேப்பமா? சாஸ்தா கோவில்ல பூக்கட்டிப் பாப்பம்.”

அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது தெரிந்த வழக்கம்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் இன்னது, சிவப்பு வந்தால் இன்னது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு சாமி முன்னால் வைக்க வேண்டியது. விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டியது. வந்ததுதான் உத்தரவு. வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

ஆவுடையப்பனுக்கு எவ்வளவு ஆறுதல் என்கிறீர்கள்! நாலு வருஷத்தில் அவன் இப்படிச் சுறுசுறுப்பாக இருந்து நீலா பார்த்ததில்லை. விடிகாலையிலேயே போய் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வந்தான். ஒரே வாழையிலையில் ஒரே அளவுக்கு இரண்டு துண்டு கிழித்தான். தொட்டுப் பார்த்து எது எது என்று தெரிந்துவிடக்கூடாது என்று இரண்டு பொட்டலத்தையும் அடுக்களைத் தராசில் வைத்து, ஓர் இதழைக் கூட்டி, ஓர் இதழைக் குறைத்து எடையைச் சமம் செய்தான். நூலும் ஒரே நீளம், முடிச்சும் ஒரே மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தூக்குவாளிக்குள் போட்டுக் குலுக்கினான். சாமியே வந்து ஏமாற்ற நினைத்தாலும் முடியாது.

நீலா நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் ரெடியா அத்தான்?”

“ரெடி.”

“எல்லாமா?”

“எல்லாம்தான். நல்லாக் கெட்டியாக் கட்டியிருக்கேன்.”

அவள் தலையை ஆட்டிவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

அவர்கள் குடும்பத்துச் சாஸ்தா இலத்தூர்ப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். பூசாரி மாடன் முன்கூட்டியே வந்து விளக்கேற்றி வைத்திருந்தார். பொட்டலங்களை வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். “நெனைக்க வேண்டியதை மனசுக்குள்ள நெனைச்சுக்கிடுங்க” என்று கண்ணை மூடினார். நீலாவும் கண்ணை மூடினாள். ஆவுடையப்பனும் மூடினான். உள்ளே இருட்டாக, நிம்மதியாக இருந்தது.

“பாப்பா, ஒண்ணு எடு தாயி.”

தேஜு இடப்பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். மாடன் நூலைப் பிரித்தார். நந்தியாவட்டை, காலையில் பறித்தபடியே இருந்தது.

“வெள்ளை! நல்ல உத்தரவு.” மூன்று பேருக்கும் திருநீறு பூசிவிட்டு, மீதிப் பொட்டலத்தையும் அவன் கையில் கொடுத்தார். முகமெல்லாம் சந்தோஷம். “இனிமே சொல்லலாம். நெனைச்சது என்ன?”

ஆவுடையப்பன் நீலாவைப் பார்த்தான். நீலா அவனைப் பார்த்தாள்.

“வெள்ளைன்னா என்ன அத்தான்?” என்றாள் நீலா.

“நீ… நீ நெனைச்சிருப்பேன்னு நெனைச்சேன்.”

“நான் ஒண்ணும் நெனைக்கல. நீங்கதான கட்டுனிய.”

குளத்தில் ஒரு கொக்கு எழுந்து போனது. மாடனுக்கு முதலில் விளங்கவில்லை, அப்புறம் விளங்கியது. சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் திருநீற்றுத் தட்டோடு நின்றார். “இங்கன எத்தனையோ பேருக்குப் பூப் பாத்திருக்கேன் அண்ணாச்சி. வந்த பூவை ஒத்துக்கிடாம சண்டை போட்டவங்க உண்டு. வாங்குன உத்தரவை மறைச்சவங்க உண்டு. அர்த்தமே வைக்காமப் பூக்கட்டிக் கொண்டாந்த ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன். பரவாயில்ல, இன்னொருக்கக் கட்டிருவோம். இப்பச் சொல்லுங்க, வெள்ளைன்னா என்ன?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். “நீலா என்ன சொல்லுதாளோ…”

“வேண்டாம் பூசாரிண்ணே,” என்றாள் நீலா. “போதும்.”

காருக்குப் பக்கத்தில் வந்ததும் தேஜுவை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். சத்தம் போடவில்லை. “நேத்தே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டேன் அத்தான். டிக்கெட்டும் போட்டாச்சு. ரெண்டு டிக்கெட்.”

“அப்ப இன்னைக்கு எதுக்கு…”

“பூவுக்காவது ஒரு அர்த்தம் வைப்பியளான்னு பாக்க வந்தேன்.”

அவனுக்கு அப்போது என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லலாம். அவனுக்குத் தோன்றியது, முன்பக்கத்து டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்பது. ஆய்க்குடிக்குச் சாலை பிரிகிற விலக்குக்குப் பக்கத்தில் நிறுத்திக் காற்றடித்துக்கொண்டான். சிவப்புப் பொட்டலத்தைக் கார் டேஷ்போர்டுக்குள் போட்டிருந்தான். அது அங்கேயே கிடந்தது.

மூட்டை கட்டுவதில் அவனை அடிக்க ஆளில்லை என்று சொன்னேனே, இல்லாவிட்டால் இப்போது சொல்லிக்கொள்கிறேன். பாத்திரங்களைப் பழைய துண்டில் சுற்றினான். ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளே என்ன என்று எழுதி ஒட்டினான். மனைவியும் மகளும் தன்னை விட்டுப் போவதற்கான ஏற்பாட்டை இவ்வளவு நேர்த்தியாகச் செய்த புருஷன் தென்காசியில் வேறு எவனும் இருக்க மாட்டான். நீலா ஒரு பெட்டியின் மேல் இருந்த அவன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் அடுத்த பெட்டிக்கு டேப் எடுக்கப் போய்விட்டான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாடி அறையில் பர்சானாவின் கேள்வியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ‘யாரும் எந்தப் பெயரும் சொல்லாவிட்டால்?’ கீழே தேஜு தன் புத்தகங்களைத் தானே கட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையிடம் நாம் எதையாவது கேட்டோமா என்று நினைத்தான். நீலாதான் கேட்டிருப்பாள். தான் சும்மா இருந்தபோதெல்லாம் இந்த வீட்டில் எல்லாம் நின்றுபோய்விடவில்லை. நீலா ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவன் ஒரு வரி எழுதினான். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், கடைசியாக வந்து சேர்ந்ததை நிறுத்து. அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினான்: ‘இது என் முடிவு. தவறாக இருக்கலாம். தவறென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.’ கீழே தன் பெயரைப் போட்டான். அந்த ஒரு வரியை மூன்றுதடவை வாசித்துவிட்டு அனுப்புகிற பொத்தானை அழுத்தினான். பர்சானாவிடமிருந்து உடனே பதில் வந்தது. ‘இதுக்கா அண்ணாச்சி இத்தனை நாளு?’

மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தேஜு டிஷ்யூ பேப்பர் தேடி டேஷ்போர்டைத் திறந்தாள். வாழையிலைப் பொட்டலம் சருகாகக் கிடந்தது. எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிளாட்பாரத்தில் பெட்டிகளை அடுக்கிவிட்டு மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சென்னை போய்த்தான் நாக்பூருக்கு வண்டி மாற வேண்டும்; சென்னை போகிற பொதிகை செங்கோட்டையிலிருந்து இன்னும் கிளம்பவில்லை என்றார்கள். தேஜு நூலைப் பிரித்தாள். செவ்வரளி காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

“அப்பா, அன்னைக்கு வெள்ளை வந்துச்சுல்லா. வெள்ளைன்னா என்ன அர்த்தம்?”

அம்மாட்ட கேளு என்பது நாக்கு நுனி வரை வந்தது. நீலா எழுந்து வண்டி எங்கே வருகிறது என்று பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் காது இங்கேதான் இருந்தது.

“வெள்ளைன்னா நானும் ஒங்ககூட வாரதுன்னு அர்த்தம்,” என்றான்.

“செவப்புன்னா?”

“வரலைன்னு அர்த்தம்.”

தேஜு காய்ந்த பூவை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். குற்றம் சொல்லுகிற குரலில்லை, கணக்கில் சந்தேகம் கேட்கிற குரல்.

“வெள்ளைதானப்பா வந்துச்சு. நாந்தான எடுத்தேன். அப்ப ஏன் வரல?”

உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலில் ரத்தம் ஏறும்போது குத்துமே, அப்படி அவனுக்கு நெஞ்சில் குத்தியது. நாலு வருஷமாக இல்லாத வலி. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

“பயமா இருந்துச்சு தேஜு.”

“எதுக்கு?”

“நான் ஒண்ணு சொல்லி, அது தப்பாப் போயிருச்சுன்னா?”

“நாக்பூர் பிடிக்கலைன்னா திரும்பி வந்துரலாம்லாப்பா,” என்றாள் தேஜு.

ஆலங்குளத்திலிருந்து திரும்பி வர முடியவில்லை. நாக்பூரிலிருந்து வரலாம். இவ்வளவு சின்ன விஷயம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே பொட்டலமாக இத்தனை நாள் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் நிறைந்து தண்டவாளம் கலங்கித் தெரிந்தது. பரமுவுக்காக ஒருசொட்டுக் கூட வராத தண்ணீர். அதைத் துடைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

வண்டி வந்தது. பெட்டிகளை ஏற்றி, சங்கிலி போட்டு, சாவியை நீலாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். நீலா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எப்ப வாரியன்னு நான் கேக்க மாட்டேன்,” என்றாள். “கேட்டா ஒன் இஷ்டம்னு சொல்லுவிய. அதனால இனிமே கேக்கவே மாட்டேன்.”

அவன் தலையை ஆட்டினான். வண்டி போய்விட்டது. பிளாட்பாரத்தில் காய்ந்த அரளி ஒன்று கிடந்தது, யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்து கவுண்டர்வரை போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான், மறுபடியும் போனான்.

வண்டி கடையநல்லூரை நெருங்கும்போது நீலாவின் போன் அடித்தது.

“ஆவணி பொறந்த மறுநாளு டிக்கெட் எடுத்துட்டேன்,” என்றான் ஆவுடையப்பன். குரல் உடைந்து, யார் குரலோ போல இருந்தது. “நாக்பூருக்கு. ஒரு டிக்கெட்.”

நீலா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் கேக்கலையே அத்தான்.”

“அதான் சொல்லுதேன்.”